உடைந்த கட்டளையை எங்கே சரிசெய்வது: குனுவா, ஃப்ரீபிஎஸ்டியா, யூயூட்டில்ஸா?

காரைக்குடி, கோட்டையூர், தேவகோட்டைப் பக்கம் கடைகளுக்கும் அச்சகங்களுக்கும் லினக்ஸ் போட்டுப் பராமரித்துக் கொடுக்கிறவர்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறோம். எந்த டிஸ்ட்ரோ (டெபியன், ஃபெடோரா, உபுண்டு மாதிரி லினக்ஸ் தொகுப்பு) நல்லது என்று எங்களிடம் கேட்பவர்கள் நிறைய. எல்எஸ் (கோப்புப் பட்டியல்), கட் (வரியில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பது), டேட் (தேதி, நேரம்) மாதிரி, எல்லா ஸ்கிரிப்டும் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) கண்ணை மூடிக்கொண்டு நம்பும் சின்னக் கட்டளைகளில் ஒன்று நமக்கு ஒத்துவரவில்லை என்றால், அதை நாமே திருத்த முடியுமா, திருத்தியது அடுத்த அப்டேட்டுக்குப் பிறகும் இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி, இந்த அலசல் முழுக்க அதை வைத்துத்தான். இந்தக் கட்டளைகளை எழுதித் தரும் மூன்று திட்டங்களை அந்தக் கேள்வியோடு பார்க்கிறேன்: பெரும்பாலான லினக்ஸில் வரும் குனு, லினக்ஸ் அல்லாத தனி இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி, ரஸ்ட் மொழியில் எழுதப்படும் யூயூட்டில்ஸ்.

கண்டாங்கிச் சேலை விற்கும் கடை ஒன்றில் சரக்குப் பட்டியலிலிருந்து லேபிள் அடிக்க ஒரு ஸ்கிரிப்ட் ஓடுகிறது. பெயர் நீளமாகப் போகாமல் இருக்க, கட் கட்டளையின் ‘-சி’ ஆப்ஷனில் 1 முதல் 10 வரை என்று கொடுத்திருந்தார்கள். “தம்பி, பேருக்குப் பக்கத்துல கருப்பா ஏதோ கேள்விக்குறி விழுதே, என்ன அது?” என்று கடை ஆச்சி லேபிளை நீட்டினார். ‘கண்’ என்று இருந்தது, அதை ஒட்டிக் கருப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. ‘கண்டாங்கி’ நம் கணக்கில் 5 எழுத்து. கணினிகளின் எழுத்துப் பட்டியலான யூனிகோடில், புள்ளியும் துணைக்காலும் தனித்தனியாக எண்ணப்படுவதால், 9 குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 27 பைட். டெபியன் 13-இல் வரும் குனுவின் கட்டளைத் தொகுப்பான கோர்யூட்டில்ஸ் 9.7-இல் கட் -சி எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டைத்தான் எண்ணுகிறது. பத்தாவது பைட்டில் வெட்டினால் மூன்று குறியீடு முழுசாக வரும், நான்காவது உடைந்து நிற்கும். ஆங்கிலத்தில் எழுத்தும் பைட்டும் ஒன்று என்பதால் அங்கே யாருக்கும் இது உறுத்தாது.

சரி, குனுவிலிருந்தே தொடங்குவோம். மூன்று தனித்தனித் தொகுப்புகளாக இருந்தவை ஒன்றாகி உருவானதுதான் கோர்யூட்டில்ஸ். ஜிம் மேயரிங், போட்ரிக் பிரேடி என்று ஒரு சிலர்தான் இதைப் பல காலமாகச் சுமந்து வருகிறார்கள், அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பழைய ஸ்கிரிப்ட் எதுவும் உடையக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். அதே கவனத்தால்தான் மாற்றங்கள் மெதுவாக வருகின்றன. -சி இப்போதைக்குப் பைட்டை எண்ணும் -பி மாதிரிதான், பன்மொழி ஆதரவு வந்தால் மாறும் என்று அவர்களுடைய கையேட்டிலேயே வெகுகாலமாக எழுதியிருந்தது. ஃபெடோராவும் சூசேயும் காத்திருக்காமல், பல பைட் எழுத்துகளுக்கான பெரிய பேட்ச் (நிரலில் ஒட்டும் திருத்தம்) ஒன்றைத் தங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்காகச் சுமந்தன. டெபியன் அதை எடுக்கவில்லை. ஆகவே ஒரே கட்டளை, ஒரே ஆப்ஷன், ஃபெடோராவில் ஒரு விடை, டெபியனில் வேறு விடை!

டெபியனில் நாமே திருத்தலாம். டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட் மூலம் சோர்ஸை (மூல நிரலை) இறக்கி, மாற்றி, பேக்கேஜ் கட்டி நிறுவலாம். கஷ்டம் அதற்கு அப்புறம்தான். அடுத்த அப்டேட் வந்தால் நம்முடையது போய்விடும்; ஹோல்டு போட்டு அந்தப் பேக்கேஜின் அப்டேட்டை நிறுத்தினால் பாதுகாப்புத் திருத்தமும் நின்றுவிடும். பல கடைகளுக்கு இந்த வேலையை ஒரே ஆள் தொடர்ந்து பார்க்க முடியாது.

ஃப்ரீபிஎஸ்டியில் கதையே வேறு. கெர்னல் (இயங்குதளத்தின் மையம்), கட்டளைகள், மேன் பக்கங்கள் (கட்டளைக் கையேடு) எல்லாம் ஒரே மூலக் களஞ்சியத்தில் இருக்கின்றன. முகப்பு முதல் இரண்டாம் கட்டு வரை ஒரே கொத்தனார் கட்டிய செட்டிநாட்டு வீடு மாதிரி, எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று ஓர் ஆள் நின்று பார்த்தாலே புரிந்துவிடும். யூஎஸ்ஆர் எஸ்ஆர்சி அடைவுக்குள் போனால் கட் கட்டளைக்குத் தனி அடைவு, அதில் சி மொழி நிரலும் மேன் பக்கமும் பக்கத்தில் பக்கத்தில். மாற்றி, மேக் என்று அடித்தால் அந்தக் கட்டளை மட்டும் தயார். மூலத்திலிருந்து அப்டேட் செய்கிறவராக இருந்தால் நிரல் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் உங்கள் மாற்றத்தைத் தாங்கிக்கொண்டே முன்னேறும். இன்னொன்று, கட் -சி இங்கே குறியீட்டைத்தான் எண்ணுகிறது, அதே பத்தை இங்கே கொடுத்தால் ‘கண்டாங்கி’ முழுசாக வரும்.

முழுத் தீர்வு இதுவும் இல்லை. இரண்டு என்று வெட்டினால் புள்ளி போய் ‘கண’ என்று நிற்கும், ஏனென்றால் தமிழ் எழுத்து வேறு, யூனிகோடு குறியீடு வேறு. அப்புறம் குனுவுக்குப் பழகிய ஸ்கிரிப்டுகள் இங்கே இடறும். கோப்பில் உரையை மாற்றும் செட் கட்டளையின் -ஐ ஆப்ஷனுக்கு இங்கே பின்னொட்டு (பழைய கோப்பின் நகலுக்குப் பெயரில் சேர்ப்பது) கட்டாயம், வேண்டாமென்றாலும் வெற்று மேற்கோளாவது கொடுத்தாக வேண்டும். கடைகளில் இருக்கும் மலிவு பிரிண்டருக்கும் வைஃபைக்கும் டிரைவர் தேடுவது தனிப்பாடு. சர்வருக்கு மனதார ஃப்ரீபிஎஸ்டியைச் சொல்வேன். பில் போடும் கவுன்டருக்கு, மன்னிக்கவும், சொல்ல மாட்டேன்.

யூயூட்டில்ஸ்தான் இப்போது எல்லோரும் பேசுவது. 2013-இல் தொடங்கிய ரஸ்ட் மொழித் திட்டம், எம்ஐடி உரிமம். 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10 இதையே இயல்பான கோர்யூட்டில்ஸாக வைத்தது. உடனே ஒரு அடியும் விழுந்தது. டேட் கட்டளையின் -ஆர் ஆப்ஷன் ஒரு கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைச் சொல்ல வேண்டும். இவர்களுடைய டேட் அந்த ஆப்ஷனை வாங்கிக்கொண்டு, பிழை எதுவும் சொல்லாமல், இப்போதைய நேரத்தைக் கொடுத்தது. அதை நம்பியிருந்த தானியங்கி அப்டேட் சோதனை சத்தமில்லாமல் நின்றுபோனது. கட்டளை அலறி விழுந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். விடுபட்ட ஆப்ஷனை மௌனமாக ஏற்பது இந்த மாதிரிக் கருவிகளில் மன்னிக்க முடியாத தவறு என்பது என் கருத்து. திருத்தம் சீக்கிரமே வந்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் புதிதாக வரும் கைக்கு இங்கேதான் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. கிட்ஹப்பில் வேலை நடக்கிறது, ரஸ்டின் கட்டுமானக் கருவியான கார்கோவில் ஒரு கட்டளையை மட்டும் தனியாகக் கட்டிப் பார்க்கலாம், குனுவின் சோதனைத் தொகுப்பையே ஓட்டி எது தேறியது, எது தேறவில்லை என்று பார்க்கிறார்கள். ஒரு நிபந்தனை மட்டும் முக்கியம்: குனு நிரலைப் பார்த்து எழுதக் கூடாது, அதன் உரிமம் எம்ஐடி உரிமத்தோடு இடிக்கும். பிஎஸ்டி நிரலைப் பார்க்கலாம். குனுவிலிருந்து மாறுபட்டால் அது பிழை என்பது இவர்கள் கொள்கை, ஆகவே குனு செய்யாத ஒன்றை இங்கே முதலில் நுழைக்கத் தனியாக வாதாட வேண்டியிருக்கும்.

இதே கட்டளைகளின் சிறு வடிவங்களைத் தரும் பிஸிபாக்ஸை ரூட்டருக்கும் கன்டெய்னருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கட்டளையும் ஒரே பைனரிக்குள் என்பதால் ஒன்றைத் தொட்டாலும் மொத்தத்தையும் மாற்ற வேண்டும்.

என் முடிவு இதுதான். கடைக் கணினியில் குனுவோடு டெபியன், பேட்ச் எதுவும் போடாமல். லேபிள் பிரச்சினைக்குக் கட் வேண்டாம், குனு ஆக் (வரிகளைப் பிரித்து மாற்றும் கட்டளை) நிறுவி யூடிஎஃப்-8 லொகேலில் (மொழி அமைப்பில்) ஓட்டினால் குறியீட்டை எண்ணும் (டெபியனில் இயல்பாக வரும் மாக் என்ற வேறு ஆக் இங்கேயும் பைட்டைத்தான் எண்ணும், கவனம்). ஒரு கட்டளை உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படிக்க ஃப்ரீபிஎஸ்டி. அழகப்பா கல்லூரிப் பிள்ளைகள் எங்கே பங்களிக்கலாம் என்று கேட்டால் யூயூட்டில்ஸைக் காட்டுகிறேன், முதல் வேலையாக நிரலைத் தொட வேண்டாம், கட், டிஆர் (எழுத்தை மாற்றுவது), ஃபோல்டு (வரியை மடிப்பது), டபிள்யூசி (எண்ணுவது) நான்குக்கும் தமிழ்ச் சொற்களை உள்ளீடாகக் கொடுக்கும் சோதனைகளை எழுதி அனுப்புங்கள் என்கிறேன்.