ஸ்கேனரில் பி 0700 வந்தால் கியர்பாக்ஸைக் கழற்ற விடாதீர்கள்: மதுரையில் எனக்கு நடந்தது

மதுரையிலோ சுற்றுவட்டாரத்திலோ பத்து வருஷம் தாண்டிய ஆட்டோமேட்டிக் எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். செக் லைட் எரிகிறது என்று வண்டியை விட்டதும், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு “கியர்பாக்ஸ் போச்சு” என்று சொன்னால் அங்கேயே தலையாட்டிவிடாதீர்கள். என்னிடம் 62,000 ரூபாய் வாங்கினார்கள். வண்டியில் இருந்த கோளாறு ஒரு எர்த் வயர், அதாவது கரன்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வயர்.

என் வண்டி 2012 மாடல், ஏழு சீட், டீசல், ஆட்டோமேட்டிக். கம்பெனி பெயர் வேண்டாம், வண்டி மேல் எனக்குக் குறையே இல்லை. உசிலம்பட்டியில் இருக்கும் அம்மாவை மதுரைக்குக் கண் டாக்டரிடம் கூட்டிவருவது முதல் வீட்டில் எல்லா விசேஷத்துக்கும் இதுதான் ஓடுகிறது. தேனியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஆண்டிபட்டி கணவாய் தாண்டியதும் ஒரு உலுக்கு உலுக்கியது. இன்ஜின் லைட் எரிந்தது. கியர் மூன்றிலேயே நின்றுவிட்டது. மிதித்தால் சத்தம்தான் வருகிறது, வேகம் எடுக்கவில்லை. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாக ஓடியது. செக்கானூரணி வருவதற்குள் மறுபடியும் அதே கதை. இதற்கு லிம்ப் மோடு என்று பெயர். ஏதோ ஒரு தகவல் தப்பாக வருகிறது என்று தெரிந்தால், கியர்பாக்ஸுக்குச் சேதம் வராமல் இருக்க கம்ப்யூட்டரே ஒரே கியரில் பூட்டிவிடும்.

இன்னொன்றும் இருந்தது. சில வாரங்களாகவே காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் எடுத்தது. இதையும் ஒர்க்‌ஷாப்பில் முதலிலேயே சொன்னேன். எழுதிக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

அங்கே ஒரு பையன் ஸ்கேனரை மாட்டினான். நாலு கோடு (code, பழுதைக் குறிக்கும் எண்) வந்தன: பி 0700, பி 0715, பி 0562, பி 0101. நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு படம்தான் இன்றைக்கு என் கையில் இருக்கும் பெரிய ஆதாரம். ஓனர் வந்து திரையைப் பார்த்தார். “கியர்பாக்ஸ் உள்ள அடி வாங்கியிருக்குண்ணே. கம்ப்யூட்டரே சொல்லுது பாருங்க” என்றார். உடனே கோடுகளை அழிக்கச் சொன்னார். டெஸ்ட் டிரைவ் கிடையாது, கியர் ஆயிலைத் தொட்டுப் பார்க்கவில்லை, பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஆயில் மாற்றி, வால்வ் பாடி (கியர்பாக்ஸுக்குள் ஆயிலைத் திருப்பிவிடும் பாகம்) சுத்தம் செய்து, ஸ்பீடு சென்சாரும் ஏர் ஃப்ளோ சென்சாரும் புதுசு போட்டு, ‘ஈ.சி.யூ. புரோகிராமிங்’ (வண்டியின் கம்ப்யூட்டருக்கான புரோகிராமிங்) செய்தால் ஓடிவிடும் என்றார். 40,000 அட்வான்ஸ், மீதி வண்டி எடுக்கும்போது.

அந்த நாலு கோடும் உண்மையில் என்ன சொல்கின்றன என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும். இது தெரியாத ஆளிடம்தான் இவர்கள் விளையாடுகிறார்கள்.

பி என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்டது. அடுத்து சைபர் வந்தால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு, 1 வந்தால் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு. அதற்கடுத்த எண் 7 என்றால் கியர்பாக்ஸ் பக்கம். பி 0700 தனியாக எந்தப் பழுதையும் சொல்வதில்லை. அது காலிங் பெல் மாதிரி: கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது, போய்ப் பார் என்று இன்ஜின் கம்ப்யூட்டர் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் ரீடர்கள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் போய்ப் படிக்கிற ஸ்கேனர் வேண்டும்.

பி 0715 என்பது கியர்பாக்ஸின் இன்புட் ஸ்பீடு சென்சார் (கியர்பாக்ஸுக்குள் வரும் சுழற்சி வேகத்தை அளப்பது) சர்க்யூட். சர்க்யூட் என்றால் சென்சார் மட்டும் இல்லை. அதற்குப் போகும் வயர், கனெக்டர், எர்த் எல்லாம் சேர்ந்தது. எலி கடித்த ஒரு வயர் போதும், இந்தக் கோடு வந்துவிடும். கியர்பாக்ஸ் உள்ளே தேய்ந்து வழுக்குகிறது என்றால் பொதுவாக பி 0730-லிருந்து தொடங்கும் கியர் ரேஷியோ கோடுகள் வரும். அவை வந்தாலும்கூட முதலில் ஆயில் அளவையும் நிறத்தையும் வாசனையையும்தான் பார்க்க வேண்டும். பழுப்பேறி, கருகிய வாடை அடித்தால் உள்ளே பிரச்சினை. என் வண்டியில் ஆயில் சிவப்பாகத்தான் இருந்தது. மாற்றும்போது நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். பி 0101 இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரின் அளவு பொருந்தவில்லை என்கிறது. ஏர் ஃபில்டர் அடைப்பு, குழாயில் ஓட்டை, வோல்டேஜ் கோளாறு என எதனாலும் வரலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது பி 0562. சிஸ்டம் வோல்டேஜ் குறைவு என்று பச்சையாகச் சொல்லும் கோடு அது. இந்த ஒன்று திரையில் இருந்தால் மற்ற மூன்றையும் அப்படியே ஓரமாக வைத்துவிட்டு பேட்டரி, அதை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், எர்த் மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். கரன்ட் சரியாக வராத வண்டியில் எந்த சென்சார் சொல்வதையும் நம்ப முடியாது. செல்ஃப் இழுக்கிறது என்று நான் சொன்னதும் இதுவும் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறது. ஆனால் அவர்களுக்குப் பணம் வராத கோடு என்பதால் அதை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை.

அழித்ததும் சாதாரண விஷயம் இல்லை. கோடு விழும் நொடியில் என்ன வேகம், என்ன ஆர்.பி.எம்., இன்ஜின் எவ்வளவு சூடு என்பதை கம்ப்யூட்டர் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பதிந்து வைத்திருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். அடுத்து பார்க்கும் மெக்கானிக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

மொத்தம் 62,000 வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்தார்கள். ‘எஸ்டிமேட்’ என்று எழுதிய ஒரு தாள். ஜி.எஸ்.டி. எண் இல்லை, பில் நம்பர் இல்லை. பழைய சென்சார்களைக் கேட்டேன், “குப்பையில போட்டாச்சுண்ணே” என்றார்கள். கொஞ்ச நாளிலேயே நாகமலை புதுக்கோட்டை பக்கத்தில் அதே உலுக்கு, அதே மூன்றாவது கியர். திரும்பக் கொண்டுபோனால், இப்போது கியர்பாக்ஸையே மாற்ற வேண்டுமாம். ரீகண்டிஷன் செய்தது 1,60,000 ஆகுமாம். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நண்பர் ஒருவர் புதூரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அனுப்பினார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், சின்னக் கடை. “ஆஃப் பண்ணிப் போட்டா சரியாகுதா தம்பி?” என்றுதான் முதலில் கேட்டார். “தேஞ்சுபோன பிளேட்டு சாவியத் திருப்பினா சரியாகாது. இது கரன்ட்டுக் கோளாறு.” மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரி 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட், இரண்டும் சரி. அப்புறம் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துவிட்டு என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். எர்த் நன்றாக இருந்தால் 0.2 வோல்ட் அளவில் இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் 1.4 காட்டியது. வண்டிக்கு அடியில் படுத்து, இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் ஸ்ட்ராப்பைக் கழற்றிக் கொண்டுவந்தார். முழுக்கப் பச்சைக் களிம்பு. பாதி இழைகள் அறுந்திருந்தன.

புது ஸ்ட்ராப், போல்ட் உட்காரும் இடத்தை எமரி போட்டுத் தேய்த்தது, கூலி எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். கோடுகளை அழித்து, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அலங்காநல்லூர் வரை ஓட்டிக் காட்டினார். அதற்குப் பிறகு கணவாய் வழியாகத் தேனிக்கும் போய்வந்துவிட்டேன். ஒரு லைட்டும் எரியவில்லை.

என் வயிறு எரிந்தது அடுத்ததில்தான். “புதுசு போட்டோம்னு சொன்னாங்களா?” என்று கேட்டு ஏர் ஃப்ளோ சென்சாரைக் கழற்றிக் காட்டினார். அதன் லேபிளில் தயாரிப்பு வருஷம் 2012. வண்டியோடு வந்த அதே சென்சார். கியர்பாக்ஸ் ஸ்பீடு சென்சாரின் போல்ட்டில் பல வருஷ எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே ஒட்டியிருந்தது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. நோயைத் தப்பாகக் கண்டுபிடித்தார்கள் என்றால்கூட மன்னித்திருப்பேன். மாற்றாத பொருளுக்கு 23,000 வாங்கியிருக்கிறார்கள். இது திருட்டு.

பணத்தைக் கேட்கப் போனபோது “கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் செஞ்சோம்” என்று கத்தினார் ஓனர். சரி என்று வந்துவிடவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பதால் வெளியூரில் ஏமாந்தவர்களும் அலைய வேண்டியதில்லை.

இப்போது வண்டியை எங்கே விட்டாலும் நான் மூன்று விஷயம் கேட்கிறேன்: கோடுகளை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமோடு படம், மாற்றிய பழைய பாகம் கையில், ஜி.எஸ்.டி. பில். கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்தில் சாவியைத் திருப்பி வாங்கிவிடுகிறேன். வக்கீல் நோட்டீஸ் ஸ்பீடு போஸ்ட்டில் போய்ச் சேர்ந்திருக்கிறது, இதுவரை பதில் இல்லை. அடுத்து ஆணையத்தில் மனு. எலக்ட்ரீஷியன் அண்ணன், அந்த எர்த் ஸ்ட்ராப்பையும் சென்சாரையும் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்.