உப்புக்காற்றில் ஆம்பிளிஃபயர் பெட்டி: எந்தத் தகடு, எந்த முறை நிற்கிறது?

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காப்பட்டணம் பக்கம் வீட்டு ஆம்பிளிஃபயருக்கு உலோகப் பெட்டி செய்தால் கடற்காற்றை நினைத்துத்தான் தகடு வாங்க வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் குமரி மாவட்டத்துக்கு உண்டு. ஒன்றின் ஈரம் காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். இங்கே பெட்டி முதலில் கெடுவது ஓட்டை விளிம்பில், வெட்டு முனையில், திருகின் அடியில். தகட்டின் நடுப்பகுதி கடைசியில்தான் கெடும்.

இரும்பிலிருந்து தொடங்கலாம். 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மி.மீ. சி.ஆர். தகடு (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) விலை குறைவு. எந்த கேட், கிரில் பட்டறையிலும் மடித்து வெல்டு வைத்துத் தருவார்கள். பவுடர் கோட்டிங் ஒழுங்காக ஏறியிருந்தால் நீண்ட காலம் உழைக்கும். பெயின்ட் அடித்து முடித்த பிறகு ‘ஒரே ஒரு சாக்கெட்’ என்று புதிதாக ஓட்டை போடும்போதுதான் சிக்கல் வருகிறது. அந்த விளிம்பில் துரு பிடித்து, கோட்டிங்குக்கு அடியிலேயே பரவி, செதில் செதிலாக உரியும். ஆகவே எல்லா ஓட்டைகளையும் முதலில் போடுங்கள். கூர்மையான விளிம்பில் பவுடர் மெல்லியதாகத்தான் நிற்கும் என்பதால் அரம் போட்டு முனையை மழுக்குங்கள். எண்ணெய்ப்பிசுக்கு போகக் கழுவி, பாஸ்பேட் குளியல் முடித்துப் பிறகு கோட்டிங். லேசரில் வெட்டினால் நைட்ரஜன் வாயுவில் வெட்டச் சொல்லுங்கள். ஆக்சிஜனில் வெட்டிய விளிம்பில் படியும் ஆக்சைடு படலம் பெயின்டோடு சேர்ந்தே உதிர்ந்துவிடும்; அப்படி வெட்டியது கைக்கு வந்தால் விளிம்பைத் தேய்த்து அந்தப் படலத்தை எடுத்தே ஆக வேண்டும்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை வெல்டு வைக்க வேண்டாம். துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொடுக்கும். வெல்டு வைத்த இடத்தில் பூச்சும் போய்விடும்.

கடலோர வீட்டுக்கு எங்கள் தேர்வு அலுமினியம். மடிப்பதாக இருந்தால் 2 மி.மீ. 5052 தகடு. 6061-டி6 தகட்டைக் கூர்மையாக மடித்தால் மடிப்பின் வெளிப்பக்கம் வெடிக்கும். மடிக்கும் இயந்திரம் அருகில் இல்லையா? ஜன்னல் செய்யும் அலுமினியக் கடை ஊருக்கு ஊர் இருக்கிறது. 25×25×3 மி.மீ. எல் ஆங்கிள் 12 அடி நீளம் ஒன்று வாங்கினால் 400×300×100 மி.மீ. பெட்டிக்கான சட்டம் முழுவதும் அதிலேயே முடியும். மேலுக்கும் கீழுக்கும் 400 நாலு, 300 நாலு, இரு முனையும் 45 டிகிரியில். செங்குத்துக்கு 94 மி.மீ. நாலு, நேர்வெட்டாக. 100 உயரத்தில் மேல், கீழ் ஆங்கிளின் கனம் மூன்று மூன்றாக ஆறு கழியும், அதனால்தான் 94. செங்குத்துத் துண்டை மூலையின் உள்பக்கம் நிறுத்திப் போல்டு போட்டால் அதுவே 45 டிகிரி மூட்டையும் இறுக்கிப் பிடிக்கும். கையால் அறுத்தால் மூலை சேராது. கடையிலுள்ள வெட்டும் இயந்திரத்திலேயே வெட்டி வாங்குங்கள்.

ஆங்கிள் மில் ஃபினிஷாக, அதாவது மேலே எந்தப் பூச்சும் இல்லாததாக இருக்கட்டும். அனோடைஸ் படலமும் பவுடர் கோட்டிங்கும் மின்சாரத்தைக் கடத்தாது. பார்வைக்கு ஒரே பெட்டி, ஆனால் மூடியும் பின்தகடும் எர்த் இல்லாமல் தனித்தனியாகக் கிடக்கும். அறுந்த 230 வோல்ட் ஒயர் ஒன்று அந்த மூடியில் பட்டால் ஃபியூஸ் போகாது, தொட்டவருக்கு அடிக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஓரிடத்தில் உலோகம் தெரியச் சுரண்டி, பல் வாஷர் வைத்து, பச்சை ஒயரால் இணையுங்கள். முதன்மை எர்த்துக்குத் தனியாக ஒரு எம்4 போல்டு, டின் பூசிய ரிங் லக், இரண்டு நட்டு. டிரான்ஸ்பார்மரைப் பிடிக்கும் போல்டை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினால் உப்பு ஈரம் மூட்டுக்குள் போகாது.

திருகு விஷயத்தில் பித்தளை வேண்டாம். அலுமினியத்தோடு பித்தளை சேர்ந்து உப்பு ஈரமும் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். 304 எஸ்.எஸ். திருகு கடலோரத்தில் தேயிலைக் கறை போலப் பழுக்கும். 2–3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 இதைவிட நன்றாகத் தாங்கும்.

ஹீட் சிங்கில் (டிரான்சிஸ்டரின் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் துண்டு) எம்3 மரைக்கு 2.5 மி.மீ. ஓட்டை, எம்4க்கு 3.3. மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று மரை வெட்டும் டேப்பைத் திருப்புங்கள். உலர்வாக ஓட்டினால் அலுமினியம் டேப்பில் ஒட்டி மரையைப் பிய்த்துவிடும். பிறகு பெரிய டிரில் பிட்டைக் கையில் பிடித்து ஓட்டை வாயைச் சுற்றிப் பிசிறு எடுங்கள். தலைமுடியைவிட மெல்லிய பிசிறு போதும், டிரான்சிஸ்டருக்கு அடியில் மின்காப்புக்கு வைக்கும் மைக்காவைக் குத்தி ஷார்ட் ஆக்க. பவர் கொடுக்கும் முன் டிரான்சிஸ்டர் உலோகத்துக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பீப் வரக் கூடாது.

அலுமினியத்தின் குறை ஹம், அதாவது ஸ்பீக்கரில் கேட்கும் முனகல். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் அதற்குள் சுமார் 12 மி.மீ. ஆழம் வரை போகும், 2 மி.மீ. தகடு அதற்குத் தடையே இல்லை. டொராய்டை (வளைய வடிவ டிரான்ஸ்பார்மர்) இன்புட் போர்டிலிருந்து தள்ளி வையுங்கள். நடு போல்டைத் தளர்த்தி டொராய்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் ஹம் குறைகிற கோணம் ஒன்று கிடைக்கும். போதாவிட்டால் நடுவில் 1.2 மி.மீ. இரும்புத் தடுப்பு. அந்த நடு போல்டின் மேல்முனை மட்டும் எக்காரணத்தாலும் மூடியைத் தொடக் கூடாது. தொட்டால் போல்டும் பெட்டியும் சேர்ந்து ஒரு சுற்றுக் கம்பியாகிவிடும். ஃபியூஸ் போகும், அல்லது டிரான்ஸ்பார்மர் கருகும்.

இரும்பு ராவும் இடத்தில் ஸ்பீக்கரைத் திறந்து வைக்காதீர்கள்; அதன் காந்தம் இரும்புத் தூளை இழுத்துக்கொள்ளும். மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணலில் உள்ள இல்மனைட் தாதுவையும் வலுவான காந்தம் இழுக்கும். ஸ்பீக்கரின் காயில் அசையும் இடைவெளிக்குள் போன தூள் உரசிக்கொண்டே இருக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில் பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறங்கள். பிளக்கின் எர்த் பின்னிலிருந்து ஒவ்வொரு தகட்டுக்கும் மீட்டர் வையுங்கள். மீட்டர் ஒயரின் தடையைக் கழித்து 0.1 ஓமுக்கு மேல் காட்டும் மூட்டைப் பிரித்து, சுரண்டி, புது பல் வாஷர் போட்டு இறுக்கி, மறுபடி அளந்த பிறகே மூடுங்கள்.