படிகமா, கிரையோவா?

பெங்களூரு ஜிகேவிகே வளாகத்தில் தமிழ்ப் பிள்ளைகள் டீக்கு உட்கார்ந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும்: "அக்கா, ராஸும் ராஃபும் ஒட்டுறதைப் பார்க்கணும். படிகமா, கிரையோவா?" செல்லை வளரச் சொல்லும் சேதியைக் கைமாற்றும் புரதங்கள் இவை. படிகம் என்றால் புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் அதன் வடிவத்தைப் பார்ப்பது. கிரையோ என்றால் அதைச் சட்டென்று உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுப்பது.

அளவு
படிகம்: சின்னது வசதி. ராஸ் வெறும் 21 கிலோடால்டன் (புரத எடையின் அலகு). ராஃபின் ஒட்டும் துண்டோடு சேர்த்தாலும் 30ஐ ஒட்டித்தான்.
கிரையோ: 50 கிலோடால்டனுக்குக் கீழே பெரும்பாடு, படத்தின் இரைச்சலில் புரதமே தொலைந்துவிடும்.

சரக்கு
படிகம்: மில்லிகிராம் கணக்கில் சுத்தமான புரதம்.
கிரையோ: கிரிட்டுக்கு (புரதக் கரைசலை விட்டு உறையவைக்கும் சின்ன வலைத்தட்டு) 3 மைக்ரோலிட்டர்.

பொறுமை
படிகம்: நாலு நாளில் வரும், ஆறு மாதமானாலும் வராது. துளித்துளியாகப் பார்த்து வெறும் பழுப்புக் கசடு கண்ட காலைகள் எனக்கு நிறைய.
கிரையோ: பனிப்படலம் தடித்தால் மறுபடி முதலிலிருந்து.

அசையும் கூட்டணிக்கு கிரையோதான். பிராஃப் (ராஃபில் ஒரு வகை), அதோடு ஒட்டும் மெக், 14-3-3 என்ற புரதங்கள், மூன்றும் சேர்ந்த கூட்டு அணைந்திருக்கும் நிலையை 2019இல் அதுதான் காட்டியது. முழு நீள பிராஃபைப் படிகமாக்குவது அவ்வளவு கடினம்.

செலவு? கிரையோ கருவி பல கோடி. என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) வளாகத்தில் நேரம் கேட்டு வாங்கலாம். படிகத்துக்கு எக்ஸ் கதிர் தரும் இந்தூர் சின்க்ரோட்ரான், இண்டஸ்-2 இருக்கிறது.

மருந்து மூலக்கூறு எந்தப் பள்ளத்தில் உட்காருகிறது என்று அணு அணுவாகத் தெரிய வேண்டுமா? படிகம். புற்றுநோயில் காணும் மாறிய ராஸான கேராஸ் ஜி12சி-யின் பள்ளம் 2013இல் அப்படித்தான் தெரிந்தது. 2021இல் அந்தப் பள்ளத்தில் உட்காரும் மருந்தான சோட்டோராசிப் அனுமதி பெற்றது. ராஸ்-ராஃப் துண்டு மட்டும் என்றால் தயங்காமல் படிகத்துக்குப் போ தம்பி. முழு ராஃப் என்றால் இன்றே கிரிட் போடு.