கேள்வியே கேட்காத பென்ட்ரைவ்: திருகோணமலையில் சிறு அலுவலகம் நடத்துகிறவர்களுக்கு

நான்கைந்து கணினி வைத்து அலுவலகம் நடத்துகிறவர்கள் இதை ஒருமுறை பொறுமையாக வாசியுங்கள். எங்களுக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். முறைப்பாடு கொடுத்திருப்பதால் ஆளின் பெயரையோ கடையின் பெயரையோ எழுதவில்லை.

எங்களுடையது மொழிபெயர்ப்பும் தட்டச்சும் செய்யும் சின்ன அலுவலகம். ஆறு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு பழைய ஸ்கேனர். கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கத்திலிருந்து காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு என்று கொண்டுவருவார்கள். சிங்களத்திலிருந்து தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றிக் கொடுப்போம். பிரதி ஒன்றை எப்போதும் வைத்துக்கொள்வோம். ஒருவர் 5 வருடம் கழித்து வந்து "பிள்ளை, அந்தப் பத்திரம் இன்னொன்று வேணும்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பதற்காக.

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 ஒக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதற்குப் பிறகு கணினி நிறுவும் வேலை செய்கிற ஒருவர் வந்தார். "இனி இதில வேலை செய்யிறது ஆபத்து அக்கா, ஆறையும் விண்டோஸ் 11க்கு மாத்துவம், வயரிங்கையும் புதுசாப் போடுவம்" என்றார். ஆபத்து என்றது பொய் இல்லை. ஆனால் காசு கட்டிப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மேலும் கொஞ்சக் காலம் வாங்கலாம் என்றோ, எங்கள் கணினிகளில் இரண்டு விண்டோஸ் 11க்கு உரிய தகுதியே இல்லாத பழசு என்றோ அவர் சொல்லவில்லை. கணினிக்கு 7,500 ரூபா வீதம் 45,000, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பு வயரிங்குக்கு 28,000. பற்றுச்சீட்டில் "ஒரிஜினல் விண்டோஸ்", "கேட் 6 கேபிள்" என்று கையால் எழுதியிருந்தது.

வேலை ஒரே நாளில் முடிந்தது. அந்த வேகத்தைப் பார்த்து நாங்கள் அசந்துபோனோம். பென்ட்ரைவைச் செருகுவார், கணினியை எழுப்புவார், அவ்வளவுதான். மொழி எது, எந்த டிஸ்க், பெயர் என்ன என்று திரை ஒன்றுமே கேட்காது. தானாகவே நிறுவிக்கொண்டு போகும். இது ஒன்றும் மந்திரமில்லை, திருட்டு வேலையும் இல்லை. நிறுவும்போது வரும் கேள்விகளுக்கான பதில்களை முன்கூட்டியே எழுதிய ஒரு கோப்பு அந்தப் பென்ட்ரைவில் இருக்கும். ஆட்டோ அனட்டென்ட் என்று அதற்குப் பெயர். நூறு, இருநூறு கணினி வைத்திருக்கும் பெரிய இடங்களில் இப்படித்தான் செய்வார்கள். அந்தக் கோப்பில் என்ன பதில் எழுதியிருக்கிறது என்பதுதான் முழு விஷயமும்.

அன்று நான் கவனித்த ஒன்றைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு கணினியும் முதல் தடவை ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தில் அவர் ஓடிவந்து பென்ட்ரைவைப் பிடுங்கினார். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பழைய கோப்புகளைத் தன் ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவைத்து, பிறகு ஒரு கணினியின் டி டிரைவில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத் தந்தார். மற்ற ஐந்தும் வலையமைப்பு வழியாக அதிலிருந்து எடுக்கும் ஏற்பாடு. "சி போனாலும் டி போகாது அக்கா, பயப்பிடாதீங்க" என்றார். நானும் நம்பினேன். சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கில் போட்ட இரண்டு அறைகள் மட்டுமே. வீடு இடிந்தால் இரண்டும்தான் போகும். அந்தக் கணினியோ ஆறிலும் பழசு.

அடுத்த நாளிலிருந்து தொல்லை தொடங்கியது. காலையில் மூன்று கணினிக்குப் பிரிண்டர் தெரியும், மற்ற மூன்றுக்குத் தெரியாது. மத்தியானம் இது மாறும். அவர் மூன்று தடவை வந்தார், வரவுக்கு 2,000 ரூபா. ஒவ்வொரு முறையும் பிரிண்டரை நீக்கி மறுபடி போட்டுவிட்டுப் போவார். அன்று பின்னேரம் வரை ஓடும்.

உண்மையான காரணத்தைப் பிறகு கொழும்பில் நெட்வேர்க் வேலை செய்யும் என் தங்கையின் மகன் தொலைபேசியிலேயே கண்டுபிடித்தான். வைஃபை சிக்னலைக் கூட்டுவதற்கென்று அந்த ஆள் பழைய ரவுட்டர் ஒன்றை, கணினி வயர்களெல்லாம் வந்து சேரும் நெட்வேர்க் சுவிட்ச்சில் சொருகிவிட்டிருந்தார். கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வேலையை ஏற்கெனவே இணைய நிறுவனத்தின் ரவுட்டர் செய்துகொண்டிருந்தது. இப்போது இரண்டாவதும் கொடுக்கத் தொடங்கிவிட்டது. யார் முந்துகிறாரோ அவருடைய முகவரி. சில கணினிக்கு 192.168.1 என்று தொடங்கும் எண், சிலவற்றுக்கு 192.168.0. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்க்காது. கட்டளைத் திரையில் ஐபி கான்ஃபிக் ஆல் என்ற கட்டளையைக் கொடுத்தால் டிஎச்சிபி சேர்வர் என்று ஒரு வரி வரும். அந்த எண் எல்லாக் கணினியிலும் ஒன்றாக இருக்கவேண்டும், எங்களிடம் இரண்டு வந்தது. இரண்டாவது ரவுட்டரில் அந்த வேலையை நிறுத்தி, அதற்கு எங்கள் வரிசையில் ஒரு முகவரி கொடுத்தோம். பத்து நிமிடம். 6,000 ரூபா கொடுத்த வேலை அது.

இதெல்லாம் காசோடு போகிற விஷயம். மூன்றாவது தடவை வந்தபோது செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிரிண்டர் டிரைவரும் அதே பென்ட்ரைவில்தான் இருந்தது. பொதுக் கோப்புகள் இருந்த கணினியின் பின்பக்கத்தில் அதைச் செருகி, டிரைவரைப் போட்டுவிட்டு, பென்ட்ரைவை எடுக்காமல் போய்விட்டார். பின்பக்கம் என்பதால் எங்கள் கண்ணில் படவில்லை. அன்று பின்னேரம் நல்ல மழை. ஐந்தரைக்குக் கதவைப் பூட்டினோம். அந்தக் கணினியை அணைப்பதில்லை, மற்றவர்கள் அதிலிருந்துதானே எடுக்கவேண்டும். இரவு கரண்ட் போய்த் திரும்ப வந்திருக்கிறது. கரண்ட் வந்ததும் தானாக எழும்பும்படியும், முதலில் பென்ட்ரைவைப் பார்த்து அதற்குப் பிறகே டிஸ்க்கைப் பார்க்கும்படியும் பயோஸில், அதாவது கணினி எப்படி எழும்பவேண்டும் என்று சொல்லும் அமைப்பில், விட்டிருந்தார்.

காலையில் வந்தபோது திரையில் கோப்புகள் ஏறிக்கொண்டிருந்தன, 41 வீதம். "அப்டேட் போல கிடக்கு அக்கா" என்றாள் எங்களோடு வேலை செய்யும் பிள்ளை. தேத்தண்ணி குடித்தபடி காத்திருந்தோம். முடிந்தது, ரீஸ்டார்ட் ஆனது, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அப்போதுதான் அவர் ஓடிவந்து பிடுங்கிய காட்சி எனக்கு நினைவுக்கு வந்தது. பின்னால் கையை விட்டேன். பென்ட்ரைவ் சூடாக இருந்தது. இரவு முழுக்க அந்தக் கணினி தன்னைத்தானே அழித்து நிறுவி, அழித்து நிறுவிக்கொண்டே இருந்திருக்கிறது.

பென்ட்ரைவை எடுத்தபிறகு புத்தம்புது விண்டோஸ் எழும்பியது. டி டிரைவ் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அவருக்கு எடுத்தேன். "வைரஸா இருக்கும் அக்கா, இல்லாட்டி ஆரோ எதையோ அமத்தியிருப்பினம்" என்றார். அமத்துவதற்குத் திரை ஒன்றும் கேட்கவேயில்லையே தம்பி என்றேன். அதன் பிறகு என் அழைப்பை அவர் எடுப்பதில்லை.

தங்கையின் மகன் சொல்லச் சொல்ல அந்தப் பென்ட்ரைவை இன்னொரு கணினியில் திறந்து, பதில் கோப்பை நோட்பேடில் வாசித்தேன். தொழில்நுட்பம் தெரியாத எனக்கே விளங்கும்படி இருந்தது. முதல் டிஸ்க்கை முழுதாகத் துடை என்பதற்கு "ஆம்". நிர்வாகியின் கடவுச்சொல் அப்படியே வெளியில் தெரிகிற எழுத்தில், ஆறு கணினிக்கும் ஒன்றேதான். சில பதில் கோப்புகளில் அது விளங்காத எழுத்துக்கோர்வையாகத் தெரியுமாம். அதுவும் உருமாற்றம் மட்டுமே, பூட்டு இல்லை, ஒரு நிமிடத்தில் திருப்பி எடுத்துவிடலாம் என்றான். அதற்குக் கீழே, முதல் தடவை உள்நுழைந்தவுடன் ஓடவேண்டிய கட்டளைகள்: ஃபயர்வோலை நிறுத்து, டிஃபெண்டரை நிறுத்து, உரிமம் இருப்பதுபோல் விண்டோஸை ஏமாற்றும் இந்த ஆக்டிவேட்டரை ஓடவிடு. எங்களிடம் வருகிறவர்களின் அடையாள அட்டையும் காணி உறுதியும் இருக்கும் கணினிகளில் கதவையும் காவலையும் எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"ஒரிஜினல் விண்டோஸ்" கதையும் அதோடு வெளித்தது. எஸ்எல்எம்ஜிஆர் எக்ஸ்பிஆர் என்ற கட்டளை உரிமம் எதுவரை என்று காட்டும். நிரந்தரம் என்று வரவேண்டிய இடத்தில் எங்களுக்கு ஒரு தேதி வந்தது. பெரிய நிறுவனங்கள் தங்கள் சேர்வர் வழியாகச் செயற்படுத்தும் முறை அது. ஒரு தடவைக்கு 180 நாள். அதைப் போலியாகச் செய்திருக்கிறார். இதில் என் வயிறு எரிவது ஏனென்றால், அந்தப் பழசு இரண்டையும் விட்டால், மற்றவற்றில் இரண்டு வாங்கும்போதே உரிமத்தோடு வந்தவை. அதன் சாவி பயோஸிலேயே இருக்கிறது, விண்டோஸ் 11க்கு இலவசமாகவே ஏறியிருக்கும். இருந்த நல்லதை எடுத்துவிட்டுத் திருட்டுப் பிரதியைப் போட்டு, அதற்கு 15,000 ரூபாவும் வாங்கியிருக்கிறார்.

கேபிளையும் பார்த்தோம். வெட்டிய துண்டை பிளேட்டால் சுரண்டினால் செப்புக்கு உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்கு மேல் செப்புப் பூச்சு. செப்பென்றால் எவ்வளவு சுரண்டினாலும் சிவப்பாகவே இருக்கும். கடற்காற்று அடிக்கும் எங்கள் ஊரில் அது எத்தனை நாளைக்கு?

கோப்புகளை மீட்கக் கொழும்புக்கு அனுப்பினோம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், மேலே எதுவும் எழுதப்படாத இடங்களிலிருந்து ஏதாவது எடுக்கலாம் என்றார்கள். எங்களுடையது சுழலும் தகடு இல்லாத எஸ்எஸ்டி. ஃபோர்மட் செய்யும்போதே இந்த இடங்கள் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் டிஸ்க்குக்குச் சொல்லிவிடும், டிஸ்க்கும் அவற்றை வெறுமையாக்கிவிடும். ஒன்றும் வரவில்லை. அலுமாரிக்குள் கிடந்த ஒரு பழைய வெளி டிஸ்க்கில் 20 மாதத்துக்கு முந்தியவை இருந்தன. ஆட்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பியவை சில கிடைத்தன. மிச்சம் போனதுதான். பழைய டிஸ்க்கில் இருந்த தமிழ்க் கோப்புகளைத் திறந்தபோது ஆங்கில எழுத்தாகக் கொட்டியது, நெஞ்சு ஒருமுறை நின்றது. பாமினி எழுத்துரு புது விண்டோஸில் இல்லை, அவ்வளவுதான். எழுத்துருவைப் போட்டதும் தமிழ் வந்தது. உங்களுக்கும் இப்படித் தெரிந்தால் கோப்பு பழுதென்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

இப்போது யாராவது கணினி நிறுவ வந்தால் நான் கேட்பது: பதில் கோப்பைத் திறந்து காட்டுங்கள், டிஸ்க்கைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள்? கோப்புகளை என் டிஸ்க்கில், என் முன்னால் எடுத்துவைத்து, அதைக் கழற்றி என் கையில் தந்தபிறகுதான் வேலை தொடங்கவேண்டும். போகும்போது பென்ட்ரைவை அவர் பையில் போடுவதை நான் கண்ணால் பார்க்கவேண்டும். பயோஸில் டிஸ்க் முதலாவதாக இருக்கவேண்டும். கோபித்துக்கொண்டு போன ஒருவரும் இருக்கிறார். போகட்டும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு கொடுக்கலாம். 1977க்கு அழைத்து வழியைக் கேளுங்கள். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், சேவை கிடைத்து 3 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். எங்கள் பற்றுச்சீட்டில் தொலைபேசி இலக்கம் மட்டுமே இருந்தது, கடையின் பெயரோ முகவரியோ இல்லை. வேலை முடிந்த சந்தோஷத்தில் அதை நான் பார்க்கவில்லை. அதனால் மட்டும் மூன்று கிழமை வீணாகப் போனது. பென்ட்ரைவைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், திருப்பிக் கேட்டு அவர் இன்னும் வரவில்லை.

போன கிழமை மூதூரிலிருந்து ஒரு ஐயா வந்தார். மகளின் விசாவுக்குக் காணி உறுதியின் ஆங்கிலப் பிரதி இன்னொன்று வேண்டுமாம். எங்களிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மூலத்தைக் கொண்டுவரச் சொல்லி, முதலிலிருந்து மொழிபெயர்த்து, காசு வாங்காமல் கொடுத்தேன். அப்படிச் செய்துகொடுக்கவேண்டியவர்கள் பட்டியலில் இன்னும் 11 பேர் இருக்கிறார்கள்.