மாலைப்பொழுதுக்கு ராமேசுவரம் ரத வீதியா, கீழக்கரை கடைத்தெருவா?

ராமநாதபுரத்துக்கு வரும் உறவினர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது.

தூரம்: கீழக்கரை பஸ்ஸில் அரை மணி, முக்கால் மணி. ராமேசுவரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பாம்பன் பாலத்தில் வேடிக்கை பார்க்க நிற்பவர்களால் இன்னும் தாமதமாகும்.

செலவு: ரத வீதியில் சங்கு, சிப்பி மாலை எல்லாவற்றுக்கும் யாத்ரீகர் விலைதான். பேரம் பேசத் தெரியாவிட்டால் பணப்பையை வெளியே எடுக்காதீர்கள். கீழக்கரையில் செலவென்றால் தொதல் மட்டுமே. அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்துக் கிளறிய கறுப்பு அல்வா. தாளில் மடித்துத் தந்தால் வீடு வருவதற்குள் தாள் எண்ணெயில் கண்ணாடியாகிவிடும். அரைக்கிலோ வாங்கினால் போதும் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் ஏமாறுகிறேன்.

கூட்டம்: ராமேசுவரத்தில் நாள் முழுக்க, இருபத்திரண்டு தீர்த்தமாடிய ஈர உடையோடு. ஆடி அமாவாசையன்று நடக்கவே இடமிருக்காது. கீழக்கரை ரமலான் இரவுகளில்தான் உண்மையில் விழிக்கிறது.

கோயிலும் கடலும் ஒரே நடையில் வேண்டும் என்பவர்கள் ராமேசுவரம் போகட்டும். ஊர்க்காரர்களோடு தேநீர் குடித்துக் கதை பேச, என் ஓட்டு கீழக்கரைக்கு.