டிஃபெண்டர் போதுமா, காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கணுமா?

புது லேப்டாப்புக்கு பில் போடும்போதே கடைக்காரர் கேட்பார்: "ஆன்டிவைரஸ் போட்டுடவா சார்?" 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஆன்டிவைரஸ் இருக்கிறது. இன்று அதன் பெயர் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். கடைக்காரருக்கும் இது தெரியும்.

இலவச ஆன்டிவைரஸ்களைச் சட்டென்று தள்ளிவிடலாம். அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற தகவலை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. அதற்காக 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதை 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. உள்ளே இருக்கும் இலவசத்தை ஒதுக்கிவிட்டு வெளியிலிருந்து இன்னொரு இலவசத்தைக் கொண்டுவர எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

நிஜப் போட்டி டிஃபெண்டருக்கும், சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்ற கட்டண மென்பொருள்களுக்கும்தான். டிஃபெண்டர் பெரிதும் மைக்ரோசாஃப்ட்டின் சர்வரைக் கேட்டுத்தான் முடிவெடுக்கும். நெட் இல்லாதபோது அதன் பிடி தளர்வதை ஆய்வகச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன. அதனால் நெட் எப்போதாவதுதான் வரும், ஊரெல்லாம் சுற்றிய பென்டிரைவ் தினமும் செருகப்படும் என்றால் கட்டண மென்பொருளுக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. பிரச்சினை அடுத்த வருடம் வரும். சந்தா முடிந்ததைக் கவனிக்காமல், டெஸ்க்டாப்பில் ஐகான் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய பேர். புதுப்பிக்கப் போவதில்லையென்றால் அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, டிஃபெண்டர் மறுபடி ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நெட் எப்போதும் இருக்கும் வீட்டுக்கு என் ஓட்டு டிஃபெண்டருக்கே. ஆனால் அப்படியே விடக்கூடாது. அனுமதியில்லாத மென்பொருள் எதுவும் உங்கள் ஃபோல்டர்களில் கை வைக்காமல் தடுக்கும் வசதி அதில் 2017 முதல் இருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) பகுதிக்குள், ஆஃப் நிலையில் தூங்கிக்கொண்டிருக்கும். ஆன் செய்தால் பழைய கணக்கு மென்பொருளோ கேமோ ஃபைலை சேவ் செய்ய முடியாமல் முரண்டு பிடிக்கலாம். அதை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் சரி.

சில இடங்களில் டிஃபெண்டர், கட்டண மென்பொருள் இரண்டுமே உதவாது. காசு கொடுக்காமல் ஓட்டுவதற்காகப் பூட்டு உடைக்கப்பட்ட 'க்ராக்' மென்பொருளோடு வரும் குறிப்பு, ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொல்லும். நாமும் செய்வோம். லும்மா போன்ற, பாஸ்வேர்டு திருடும் மென்பொருள்கள் உள்ளே வரும் வழிகளில் இதுவும் ஒன்று. 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவுக்குள் மட்டும் 3,94,000-க்கு மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் லும்மாவை மைக்ரோசாஃப்ட் கண்டது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டோடு, நாம் ஏற்கெனவே லாகின் செய்தவர் என்று தளத்துக்குக் காட்டும் லாகின் குக்கியையும் அள்ளிப் போவதால், திருடனிடம் பல தளங்கள் ஓடிபிகூடக் கேட்காது.

விண்டோஸ் அப்டேட் போடாமல் விட்டாலும் அப்படித்தான். வானாக்ரை என்ற ரான்சம்வேர் 2017 மே மாதம் பரவியது. அது நுழைந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அடைத்திருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதில் எந்த ஆன்டிவைரஸ் போட்டாலும் விண்டோஸின் ஓட்டை அடைபடாது.

மிச்சமாகும் சந்தா பணத்தை ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்குக்கு ஒதுக்குங்கள். போட்டோக்களையும் பத்திரங்களின் ஸ்கேனையும் காப்பி செய்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.