பழி தேடும் நிறுவனத்தில் பொறியாளர் வேலை: ஒரு பணியிட மதிப்புரை

சம்பளம் தேதி தவறாமல் வருகிறது, விடுப்புக் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை, உடன் வேலை செய்பவர்கள் கேட்ட உதவியை மறுப்பதில்லை. ஆகவே வெளியிலிருந்து பார்க்கும் மென்பொருள் பொறியாளருக்கு இந்த நடுத்தர நிறுவனத்தில் குறை சொல்ல ஒன்றும் தென்படாது. நான் எழுத வந்தது வேலையில் சேர்ந்த பிறகு தெரியவருவதைப் பற்றி: இங்கே நிரல் எப்படி எழுதப்படுகிறது, எப்படிச் சரிபார்க்கப்படுகிறது, அது பழுதாகும்போது யார் தலை உருள்கிறது என்பதைப் பற்றி. நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இதே நிலை வேறு பல இடங்களிலும் இருப்பதால், வேலை தேடுபவருக்குப் பெயரைவிட அடையாளங்களே அதிகம் பயன்படும்.

புதிதாகச் சேர்பவருக்கு மடிக்கணினி முதல் நாளே கிடைத்துவிடும். மென்பொருளை அதில் ஓட வைக்கும் வழி கிடைக்காது. கைவசம் உள்ள ஆவணம் எப்போதோ எழுதப்பட்டு, அதன் பிறகு யாராலும் திருத்தப்படாதது. கடவுச்சொற்களும் அமைப்பு விவரங்களும் அடங்கிய கான்பிக் கோப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அரட்டைச் செயலி வழியாகவே கைமாறுகிறது. தானியங்கிச் சோதனைகள் இருக்கின்றன, ஆனால் தோல்வியடைந்த சோதனைகளைச் சரிசெய்ய நேரம் ஒதுக்கப்படாததால் அவை ஒவ்வொன்றாகக் கமென்ட் செய்யப்பட்டு, அதாவது ஓடாதபடி முடக்கப்பட்டு, எஞ்சியவை எதையும் உறுதிப்படுத்தாத நிலைக்கு வந்துவிட்டன. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துச் சரிபார்க்கும் கோட் ரிவியூ கட்டாயம் என்று விதி இருக்கிறது. பல நூறு வரிகள் கொண்ட மாற்றத்துக்கும் ஓரிரு நிமிடங்களில் ஒப்புதல் வந்துவிடுகிறது.

இவற்றைவிட என்னை அதிகம் கவலைப்படுத்தியது ஓர் இரவு நேர அறிக்கை. வாடிக்கையாளர்களின் கணக்கு விவரங்களைத் தொகுத்து அனுப்பும் அந்த ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல், வேலையை விட்டுப் போன ஒருவரின் சர்வர் கணக்கில், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட வைக்கும் அவருடைய கிரான் பட்டியலில் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமான நடைமுறைப்படி அவருடைய கணக்கு முடக்கப்பட்டதும் அறிக்கை நின்றுபோனது. நிறுவனத்தின் நிரல்களையும் அவற்றின் மாற்றங்களையும் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் அந்த ஸ்கிரிப்டின் பிரதி எதுவும் இல்லை. அதை மீட்டு ஓட வைக்க ஒரு வாரத்தின் பெரும்பகுதி செலவானது. அதன் பிறகும் அது களஞ்சியத்துக்குள் வராமல் இன்னொருவரின் கணக்குக்கு இடம் மாறியதோடு பணி முடிந்ததாக அதற்கான டிக்கெட் (பணிப் பதிவு) மூடப்பட்டது.

பழைய நிரல் இருப்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகள் வருமானம் ஈட்டித் தரும் எந்த மென்பொருளிலும் ஒட்டுப்போட்ட பகுதிகள் இருக்கத்தான் செய்யும்; அதைக் கடனுக்கு ஒப்பிட்டு 1992-இல் அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்ஹாம் விளக்கியபோதும், கடன் வாங்குவதை அல்ல, திருப்பிச் செலுத்தாமல் விடுவதையே ஆபத்து என்றார். இந்த நிறுவனத்தில் அது ஏன் திருப்பிச் செலுத்தப்படுவதில்லை என்பதற்கு விடை, சேவை நின்றுபோன மறுநாள் நடக்கும் கூட்டத்தில் இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் நிரப்ப வேண்டிய படிவத்தில் ‘பொறுப்பான நபர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு பெயரை எழுதாமல் படிவத்தை முடிக்க முடியாது. பிழை சோதனையைத் தாண்டி எப்படி வந்தது, எச்சரிக்கை மணி ஏன் அடிக்கவில்லை, முந்தைய பதிப்புக்குத் திரும்ப ஏன் அவ்வளவு நேரமானது என்பவற்றைக் கேட்கும் கட்டம் எதுவும் அதில் இல்லை. பெயர் எழுதப்பட்டவரின் ஆண்டு மதிப்பீட்டில் அது எதிரொலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே கடைசியாகத் தொட்டவர் தலையில்தான் விடியும் என்ற பயத்தில், தரவுத்தளத்தில் தேடலை வேகப்படுத்தும் ஓர் இன்டெக்ஸ் விடுபட்டிருப்பதைக் கண்டவர்கூட வாய் திறப்பதில்லை. சிறு மாற்றங்களை அவ்வப்போது வெளியிடாமல் சேர்த்து வைத்து ஒரே ரிலீஸாக அனுப்புகிறார்கள். அது பழுதானால் எந்த மாற்றத்தால் பழுதானது என்று தேடுவதே பெரும்பாடாகிறது. இங்கே இருப்பவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். திறமையை வெளியே காட்டினால் நஷ்டம் என்று கற்றுக்கொண்டவர்கள்.

இதன் விலை எவ்வளவு இருக்கக்கூடும் என்பதற்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்தது சான்று. எட்டு சர்வர்களில் கையால் நிறுவ வேண்டிய புதிய நிரல் ஒரு சர்வரில் மட்டும் விடுபட்டது. அதைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. 2003-லேயே பயன்பாடு நின்றுபோன பழைய நிரல் அந்த ஒரு சர்வரில் உயிர்பெற்று, சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேலான நஷ்டத்தை உண்டாக்கியது.

மாறாக, 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களை இணையத்தில் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளைத் தவறுதலாக அழித்துவிட, பேக்கப் முறைகள் கைகொடுக்காமல் சுமார் ஆறு மணி நேரத் தரவு இழக்கப்பட்டது. அந்நிறுவனம் மீட்புப் பணியை நேரலையில் காட்டியது. பேக்கப் ஏன் வேலை செய்யவில்லை, அது வேலை செய்யாதது ஏன் யாருக்கும் தெரியவில்லை என்பதையெல்லாம் விரிவாக எழுதி வெளியிட்டது. பொறியியல் பண்பாடு என்று நான் கருதுவது இதைத்தான். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. மேலே இருப்பவர்கள் பெயரைக் கேட்பதை நிறுத்திவிட்டுக் காரணத்தைக் கேட்கத் தொடங்கினாலே போதும்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். இரண்டும் சக பணியாளர்களுக்கும் வேலை நேர ஒழுங்குக்கும் உரியவை. படித்து முடித்து முதல் வேலை தேடுபவர்கள் இங்கே சேர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் முதல் ஓரிரு ஆண்டுகளில் படியும் பழக்கங்கள் எளிதில் போவதில்லை. அனுபவம் உள்ளவர்கள், ரிலீஸ் முறையையும் அந்தப் படிவத்தையும் மாற்றும் அதிகாரம் எழுத்தில் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். இது போன்ற எந்த நிறுவனத்தின் நேர்முகத் தேர்விலும், உங்கள் முறை வரும்போது, கடைசியாகச் சேவை நின்றபோது எழுதப்பட்ட அறிக்கையைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். ரகசியம் கருதி அறிக்கையைக் காட்ட மறுக்கலாம், அது நியாயமே. அதன் பிறகு எதை மாற்றினீர்கள் என்ற கேள்விக்குக் குறிப்பான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.